குழம்புக்குத்தான் என்று சொன்னோம்

எங்கள் குப்பத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் ரயில் இறங்கிக் கிழக்கே வந்தால், நெல் வயல் முடிந்து உப்பு மண் தொடங்கும் இடத்தில் அது குறுக்கே வரும். இடுப்பளவு தண்ணீர். அடியில் முழங்கால் வரை புதையும் சேறு. இரண்டு கரையிலும் உப்புத் தண்ணீரில் வளரும் செடி ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கமாக நிற்கும். அதற்கு அலையாத்தி என்று ஒரு பேர் உண்டு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் செடி என்றுதான் சொல்வோம்.

போன மாசியில் ஒரு காலை, அந்த ஓடைக்கு நடுவே வரிசையாக வெள்ளை அடித்த கற்கள் நட்டிருந்தன. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளிலிருந்து லாரி வர ரோடு போடப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். மின்கம்பம் நடப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என் மனைவி மட்டும் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நான் எறங்குற எடத்துலயே நட்டு வெச்சிகீறானுங்கோ" என்றாள். அவளும் ஊரின் மற்ற பெண்களும் இறால் பிடிப்பது அந்த ஓடையில்தான். ஏரிக்குள் ஆண்களுக்குப் படகும் வலையும் முறைவைத்து இடமும் உண்டு. பெண்களுக்கு ஓடை.

கல் நட்ட ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். வேலைக்குப் போகும் கூட்டத்தோடு காலை ரயிலில் நின்றுகொண்டே வருவார். கும்மிடிப்பூண்டியில் கூட்டம் இறங்கியபின் உட்கார இடம் கிடைக்குமாம், அடுத்த சில நிமிஷத்தில் ஆரம்பாக்கம் வந்துவிடுமாம். ஊர்த் தலைவரிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். அதில் பொருளாதார மதிப்பீடு என்று எழுதியிருந்தது. தலைவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். மேடம் அந்தப் பக்கம் போனதும் எங்களிடம் சொன்னது இதுதான்.

"கணக்கெடுக்க வந்துகீறாங்கோ. எதுக்குன்னு தெரியல. நெறைய கெடைக்குதுன்னு சொன்னா நாளைக்கு ரேஷன்ல கை வெப்பானுங்கோ, நிவாரணத்துல கை வெப்பானுங்கோ. வாய அடக்கிப் பேசுங்கோ."

வீடு வீடாகக் கூட்டிப்போகவும் ஓடையில் படகு தள்ளவும் மேடத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தலைவர் என்னைக் கை காட்டினார். "இவன் கோல் நல்லா போடுவான். வாயத் தொறக்க மாட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். அது மட்டும் காரணமில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன்.

முதல் வீடு என் வீடுதான். மேடம் அட்டையில் காகிதத்தை மாட்டிக்கொண்டு என் மனைவியிடம் கேட்டார்.

"அக்கா, ஓடையில இறங்குனா ஒரு நாளைக்கு எவ்ளோ கிடைக்கும்?"

"இன்னா கெடைக்கும்? கொழம்புக்குத்தான்."

"விக்க மாட்டீங்களா?"

"கொழம்புக்கே இழுத்துக்கினு கெடக்குது. இதுல எங்க விக்கறது?"

அவள் உட்கார்ந்திருந்ததற்குப் பின்னால் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. அதன் அடியில் அன்றைக்கு அவள் பிடித்த இறால் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வியாபாரி வந்து தூக்கிப்போனார். என் பெண்ணை நர்சிங் படிக்கவைத்தது அந்தச் சாக்குதான். என் வலை இல்லை.

என் மனைவி வேண்டுமென்று ஏமாற்றினாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் இதற்கு வேறு பதிலே கிடையாது. எதிரே வருகிறவன் "மாட்டுச்சா?" என்று கேட்பான். படகு நிறைய இருந்தாலும் "கொழம்புக்கு" என்பான் இவன். கேட்டவனுக்கும் உண்மை தெரியும். நிறையக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை வெளியே போனால், மறுநாள் அந்த இடத்தில் கால்வைக்க முடியாது, அவ்வளவு பேர் இறங்கிவிடுவார்கள். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவோம், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வோம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். உள்ளூர் ஆளிடம் சொல்வதற்கும் வெளியாளிடம் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

மேடம் கேட்ட இன்னொரு கேள்வி அதைவிட மோசம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இந்த ஓடையும் செடியும் இப்படியே இருக்கணும்னா, அதுக்காக மாசம் உங்களால எவ்ளோ தர முடியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னா நைனா, கரண்ட் பில்லு மாதிரி இனிமே ஓடைக்கும் வருதா?"

"இல்லைங்க. யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்குன்னா பேச்சுலயே குடுத்துடறேன், எவ்ளோ வேணும்? துட்டுதான் இல்ல."

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா குரல் வந்தது. "ஒத்த ரூபா கெடையாதுன்னு எழுதிக்கோம்மா. இவுரு பேச்சுல குடுப்பாரு, நாந்தான் கையில கட்டணும்."

மேடம் சிரித்துக்கொண்டே ஒரு சுழியம் போட்டார். நான் அதைப் பார்த்தேன். அடுத்த வீட்டிலும் சுழியம். அதற்கடுத்த வீட்டிலும்.

கடைசி நாலு வீடு தவிர மற்றதெல்லாம் முடிந்த அன்று மதியம், செடியை எண்ணிப் பார்க்க ஓடைக்குள் போனோம். நான் பின்னால் நின்று கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தேன். புயல் வந்தால் படகை எங்கே கட்டுவீர்கள் என்று மேடம் கேட்டார். இந்தச் செடிக்குள்தான் என்று கை காட்டினேன். இவ்வளவு நீளத்துக்கும் செடிக்குப் பதிலாகக் கல் கொட்டினால் எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் சேர்ப்போம் என்றார். பிறகு திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

"அண்ணே, இதெல்லாம் எதுக்குன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் சாதாரணப் பேச்சில் சொன்னார். ரோடுக்கு இரண்டு வழி பார்த்திருக்கிறார்கள். ஒன்று மேற்கே மேட்டைச் சுற்றிப் போவது, அதில் செலவு அதிகம். இன்னொன்று ஓடைமேல் மண் கொட்டி நேராகப் போவது. இந்த ஓடையால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு மதிப்பு போட்டு அவர் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். மதிப்பு பெரிதாக வந்தால் ரோடு சுற்றிப் போகும்.

"கொறச்சலா வந்தா?" அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது.

"நேரா போட்டுருவாங்க. தண்ணி போக அடியில ரெண்டு குழாய் வெப்பாங்க."

"கொழாயில எறா ஏறி வருமா?"

"வராதுண்ணே. அதான் நானும் ஒவ்வொரு வீடா கேக்கறேன். இதுவரைக்கும் பாத்தா, இந்த ஓடைய நம்பி ஊர்ல யாரும் இல்லாத மாதிரிதான் வருது."

என் கையில் கோல் நின்றுவிட்டது. படகு தானாகத் திரும்பிச் செடியில் போய் இடித்தது. "சேறு" என்றேன். அவர் நம்பினார்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். படகில் இரண்டே பேர். வாயைத் திறந்து, மேடம், நாங்கள் சொன்னது எதுவும் உண்மையில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அப்படிச் சொன்னால் என் மனைவியைப் பொய்க்காரி என்று நானே சொன்னதாகிவிடும். ஊரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். தலைவர் என்ன சொல்வார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரை வந்துவிட்டது. மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று மாலை அந்த நாலு வீட்டுக்கும் போனோம். முதல் வீட்டில் இறால் எவ்வளவு என்று மேடம் கேட்டதும், அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குறிப்புக் காட்ட வேண்டும் என்று நான் இருமினேன். அவள் என்னைப் பார்த்தாள். தலைவர் சொல்லிவைத்த எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

"கொழம்புக்குக்கூடப் பத்தாது மேடம்" என்றாள். "வாரத்துல மூணு நாளு வெறும் ரசந்தான்."

நான் மறுபடி இருமினேன். அவள் மேடத்துக்குத் தன் காலிச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டு எழுந்து நின்றாள்.

"இத்த அந்தம்மா எப்பச் சொல்லிச்சி?"

"மத்தியானம்."

"மத்தியானமா? அதுக்கப்புறம் நாலு ஊடு போய்க்கினு வந்துகீற. உன் வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"நீ இருமுன கதையெல்லாம் வந்துடிச்சி. நீதான் சைகை காட்டி ரசம்னு சொல்லச் சொன்னன்னு அவ தெரு பூரா சொல்லிக்கினுகீறா."

தலைவரிடம் போனேன். அவர் கேட்டு முடித்து மீசையைத் தடவினார். "இப்ப மாத்திச் சொன்னா நம்ம எல்லாரையும் பிராடுன்னு எழுதும் அந்தப் பொண்ணு. பேஜாரா பூடும்" என்றார். பிறகு, "நாளாநிக்கு எழுதுனதப் படிச்சிக் காட்டக் கூட்டம் வெக்குதில்ல. நான் பாத்துக்கறேன். நீ கம்முனு கெட" என்றார். அது எனக்குச் சொல்லத் தேவையில்லாத வார்த்தை.

கூட்டம் புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டடத்தில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தோம். மேடம் எழுதியதைத் தமிழில் படித்தார். செடி காற்றைத் தடுப்பது, படகு கட்டுவது எல்லாம் சேர்த்திருந்தார். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் அங்கே வளர்வதைச் சொன்னார். பிறகு எங்கள் பதிலுக்கு வந்தார். ஓடையில் கிடைப்பது வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்று எல்லா வீட்டாரும் சொன்னார்கள். விற்பனை இல்லை. ஓடையைக் காப்பதற்கு எதுவும் தர யாரும் விரும்பவில்லை. ஆகவே ஓடையால் ஊருக்கு வரும் நேரடி வருமானம் மிகக் குறைவு.

படித்து முடித்ததும் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ரோடு என்ற வார்த்தை அதற்குள் எல்லாக் காதுக்கும் போயிருந்தது.

தலைவர் எழுந்தார். "மேடம், அது வந்து, அப்பிடி ஒரேடியா கொறச்சலா இல்ல. சுமாரா கெடைக்கும்."

"எவ்ளோங்க?"

தலைவர் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், "ஒரு ஆளுக்கு நாளைக்கு இருவது கிலோ" என்றான். இன்னொருத்தன் முப்பது என்றான்.

"முப்பதா? அதத் தூக்கறதுக்கே லாரி வேணுமேடா. அப்ப ரோடு போடட்டும் வுடு" என்றார் என் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் பேனாவை மூடினார். கோபம் இல்லை. களைப்புதான் தெரிந்தது. "அய்யா, பத்து நாளா ஒவ்வொரு வீட்லயும் உக்காந்து கேட்டேன். அப்ப கொழம்புக்குன்னீங்க. ரோடுன்னதும் முப்பது கிலோன்றீங்க. இதுல நான் எத எழுதறது? முன்னாடி சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? திருவள்ளூர்ல இதேதான் என்னைக் கேப்பாங்க. அஞ்சு நாள்ல நான் குடுத்தாகணும்."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கும்போதும் புது ஆளிடம் பேசும்போதும் அப்படி மூடிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அந்தப் பழக்கம் கிடையாது.

எப்படி எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நின்றுகொண்டிருந்தேன், எல்லோரும் பார்த்தார்கள்.

"மேடம், பறின்னு ஒண்ணு இருக்குது" என்றேன்.

"இன்னாடா சொல்ல வர்ற? சீக்கிரம் சொல்லு" என்றார் தலைவர்.

"ஓலையில பின்னுன கூட. பொம்பளைங்க சேத்துல ரெண்டு கையும் வுட்டுத் தேடுவாங்க. கூடயப் புடிக்கக் கை இருக்காது. அதோட வாய் ஓரத்தப் பல்லுல கவ்விக்கினு போவாங்க. எறாவப் புடிச்சிப் புடிச்சி அதுல போடுவாங்க. கனம் ஏற ஏறப் பல்லுதான் தாங்கணும்." என் பல்லைத் தொட்டுக் காட்டினேன். "இருவது வருசத்துல எங்க ஊட்டுக்காரம்மாவுக்கு முன்பல்லு பாதி தேஞ்சிபோச்சி. கொழம்புக்கு மட்டும்னா தேயாது மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கூடம் முழுக்க என் மனைவி பக்கம் திரும்பியிருந்தது. அவள் மறைத்துவைத்திருந்த ஒன்றை அத்தனை பேர் முன்னால் எடுத்துப் போட்டுவிட்டேன், அவளை ஒரு வார்த்தை கேட்காமல்.

அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்கோ? எனக்கு மட்டுமா? இந்தா, நீ காட்டுடி." பக்கத்தில் இருந்தவளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அது ரசம் என்று சொன்ன அதே பெண். அவள் கையைத் தட்டிவிட்டு, தானாகவே வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்குப் பல்லில் ஓலை விளிம்பு அளவுக்குப் பள்ளமே இருந்தது. பின்வரிசையில் ஒருத்தி, "எனுக்கு ரெண்டு விழுந்தே பூட்ச்சி, அத்த எங்க போய்க் காட்டுவேன்" என்றாள். அப்போதுதான் கூடத்தில் சிரிப்பு வந்தது.

மேடம் எழுந்து போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். "அண்ணே, பல்ல வெச்சி நான் கணக்குப் போட முடியாது." மறுபடி பேனாவைத் திறந்தார். "ஆனா தண்ணியில இறங்கிப் பாக்கலாம். இன்னும் நாலு நாள் இருக்கு. கிடைக்கறத என் கண்ணால பாத்து எடை போட்டா எழுதலாம். சாக்குப் போட்டு மூடக் கூடாது."

அவர் உடனே பெண்களைக் கேட்டார், சரி என்றார்கள். நாலாவது நாள் அமாவாசை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாளைக் கணக்குப் பார்த்த எங்களுக்கு அதுவே கவலையாக இருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏரித் தண்ணீர் ஓடைக்குள் ஏறும்போதுதான் இறால் வரும். அதற்கு முன் உள்ள நாட்களில் சேறு வெறுமையாகக் கிடக்கும்.

அப்படியே நடந்தது. முதல் நாள் என் மனைவியோடு மேடம் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். மூன்று மணி நேரம் கழித்துப் பறியைத் தராசில் வைத்தபோது ஒரு கை அளவு கிடந்தது. நிஜமாகவே குழம்புக்குத்தான். மேடம் அதை எழுதிக்கொண்டார். இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் ஒரு நண்டும் சில மடவை மீன் குஞ்சும். கரையில் நின்றிருந்த ஒருத்தன் ஏரிப் படகில் வாங்கி வைத்திருந்த இறாலைப் பறியில் போடப் பார்த்தான். என் மனைவி பறியாலேயே அவனை அடித்தாள்.

"இன்னொரு பொய் சொன்னே, ஓடையோட உன்னியும் சேத்து மண்ணு கொட்டி மூடிடுவேன்."

அன்று வீட்டில் அவள் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில், "நாளைக்கும் வரலன்னா, எம் பல்லக் காட்டுனதுதான் மிச்சம்" என்றாள்.

நாலாம் நாள் விடிந்ததும் தண்ணீர் ஏறியது. செடி வேர்களுக்குள் போகிற சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாக முழங்காலிட்டு இறங்கினார்கள். மேடம் கழுத்தளவு தண்ணீரில் குனிந்தபடி என் மனைவிக்குப் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் என் மனைவியின் தலை முன்னால் தாழ்வதைப் பார்த்தேன். பறி கனத்தால் அப்படித்தான் தாழும். அவள் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. மேடம் கையை நீட்டிப் பறியைத் தாங்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று விட்டுவிட்டார். தாங்கினால் அளவு சரியாக இருக்காது என்று பிறகு சொன்னார்.

அன்று ஒவ்வொரு பறியாகத் தராசில் ஏறியது. எங்கள் ஊரில் முதல் தடவையாக யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

மேடம் நாலு நாளையும் எழுதினார். நாங்கள் முதலில் சொன்னதை அடிக்கவும் இல்லை. அதையும் வைத்து, ஏன் அப்படிச் சொன்னோம் என்பதையும் எழுதியிருக்கிறேன் என்றார். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஒரு அமாவாசை போதாது, ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும், அதுவரை ஓடையைத் தொடக் கூடாது என்றும் எழுதியதாகச் சொன்னார். கேட்பார்களா என்றேன். தெரியாது என்றார்.

சித்திரையில் ஆட்கள் வந்து ஓடைக்குள் நட்ட கற்களைப் பிடுங்கினார்கள். மேற்கே மேட்டை ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். அங்கேயும் கல் நடவில்லை. பிடுங்கிய கற்களை எடுத்துப்போகவும் இல்லை, கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் மேடம் எனக்குப் போன் செய்வார். நான் பேசத் திணறுவதால் போனை மனைவி பிடுங்கிக்கொள்வாள். போன அமாவாசையன்றும் அப்படித்தான். கரையில் நின்றுகொண்டே தராசைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னாள், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். அப்போது ரசப் பெண் தன் பறியோடு எங்களைத் தாண்டிப் போனாள்.

"இன்னாக்கா, மாட்டுச்சா?"

என் மனைவி போனைக் கையால் பொத்தினாள். காலால் ஈரச் சாக்கைப் பறிமேல் இழுத்துவிட்டாள்.

"கொழம்புக்கு" என்றாள்.